மண்கட்டும் மழைவெள்ளமும்



திருகோணமலைக் குடாவின் தென்புறத்தே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. இலங்கையின் நீண்ட ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் நடந்து வந்து, இங்கேதான் கடலோடு கலக்கிறது. அதன் கிளையொன்று வெருகல் ஆறு என்ற பெயருடன் தெற்கே திரும்பி வேறோரிடத்தில் கடலை அடைகிறது. மேற்கே கந்தளாயும் தம்பலகாமமும், வடக்கே நிலாவெளியும் குச்சவெளியும், தெற்கே மூதூரும் சேருவிலவும் ஈச்சிலம்பற்றும். இவையனைத்தும் தாழ்ந்த நிலங்கள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் ஓடைகள் மணற்பாதைகளாகக் கிடக்கும். இவ்வாறு ஒரு பருவத்தில் வெள்ளத்துக்கும் மறு பருவத்தில் வறட்சிக்கும் ஆட்படும் நாட்டில் வாழும் மக்களுக்கு இயற்கை கற்றுக்கொடுத்த கருவி ஒன்று உண்டு. அதுவே மண்ணாலாகிய கட்டு. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கட்டு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது குளக்கட்டே. குளக்கட்டு நீரைச் சேமித்து வைப்பதற்கு உரியது. வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்படும் சிறு மண்ணணையும் உண்டு. இவ்விரண்டும் தோற்றத்தில் ஒத்தன; தொழிலில் வேறுபட்டன. குளம் நிறைந்திருப்பதே கமக்காரனுக்கு மகிழ்ச்சி. வெள்ளத்தடுப்பு அணையோ வெறுமையாய் இருக்கும்போதே பயன்படத்தக்க நிலையில் இருக்கிறது. ஏனெனில், வரப்போகும் வெள்ளத்துக்கு இடங்கொடுப்பதே அதன் கடமை. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற இயலாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம். ஓர் ஊருக்கு மேலே 2 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள காட்டுநிலம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அங்கே 100 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பாதியை மண் உறிஞ்சிக்கொள்ள, மறுபாதி ஓடி வருகிறது என்றால், ஓடையில் இறங்கும் நீர் 1 இலட்சம் கன மீற்றர். அந்நீர் 4 மணி நேரத்தில் வந்து சேருமானால் விநாடிக்கு ஏறக்குறைய 7 கன மீற்றர் வீதம் பாயும். ஊரின் ஊடாகச் செல்லும் ஓடையோ விநாடிக்கு 3 கன மீற்றருக்கு மேல் தாங்காது. ஆகவே எஞ்சியது கரைபுரண்டு வீதியிலும் வீட்டிலும் புகுகின்றது.

இப்பொழுது ஊருக்கு மேலே ஓடையின் குறுக்காக ஒரு மண்கட்டை எழுப்பி, விநாடிக்கு 3 கன மீற்றர் மட்டுமே செல்லக்கூடிய திறப்பு ஒன்றை அதன் அடியில் அமைத்துவிடுவோம். 4 மணி நேரத்தில் அத்திறப்பின் வழியே 43,200 கன மீற்றர் நீர் தீங்கின்றிப் போய்விடும். மிகுதியான 56,800 கன மீற்றர் கட்டுக்குப் பின்னால் தங்கும். அதற்குத் தேவைப்படும் இடம் எவ்வளவு? 10 ஏக்கர் நிலத்தில் சராசரி 1.4 மீற்றர் ஆழம் போதும். மழை விட்டபின் ஐந்தரை மணி நேரத்துக்குள் அந்நீரும் வடிந்துவிடும். மறுநாள் அந்நிலத்தில் மாடுகள் மேயலாம். வெள்ளத்தின் அளவு குறையவில்லை. அது செல்லும் வேகத்துக்கு மட்டும் கடிவாளம் இடப்பட்டது. சிறு மண்ணணையின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

இத்தத்துவத்தைப் பெரிய அளவிற் கையாண்டு வெற்றி கண்ட நகரம் ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேற்றன் என்னும் நகரம் 1913 மார்ச்சில் மியாமி ஆற்றின் வெள்ளத்தில் மூழ்கியது. அப்பள்ளத்தாக்கு முழுவதிலும் முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். துயருற்ற மக்கள் தாமே பொருள் திரட்டினர்; ஆதர் மோர்கன் என்ற பொறியியலாளரின் தலைமையில் ஐந்து மண்ணணைகளை எழுப்பி 1922இல் நிறைவு செய்தனர். அவ்வணைகளின் திறப்புகளுக்குக் கதவே கிடையாது. கதவைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆள் வேண்டாம். ஆள் உறங்கிவிடுவானோ என்ற அச்சமும் வேண்டாம். சாதாரண நாட்களில் ஆறு தன்பாட்டிற் செல்லும். பெருமழையின்போது மட்டும் அணைக்குப் பின்னால் நீர் தேங்கிப் பின்னர் வடியும். நூறாண்டு கடந்த பின்னும் அவை அந்நகரைக் காத்து நிற்கின்றன.

இனி, மண்கட்டு எவ்வாறு நிற்கிறது என்பதைப் பார்ப்போம். நீரிற் கரையக்கூடிய மண்ணைக் கொண்டே நீரை மறிக்கிறோம். இது சற்று வியப்பான செயலே. வெறும் மண்ணைக் குவித்தால் அது குவியலாகுமேயன்றிக் கட்டாகாது. முதலில், கட்டு அமையப்போகும் தரையிலுள்ள புல், வேர், இலைச்சருகு முதலியவற்றை அகழ்ந்து எறிதல் வேண்டும். அதன் நடுவே அகழி தோண்டி, அடியிலுள்ள இறுகிய தரைவரை களிமண்ணால் நிரப்புதல் வேண்டும். பின்னர் மண்ணை ஒரு சாண் கனத்துக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி, அளவான ஈரத்துடன் ஒவ்வொரு படையையும் மிதித்தும் இடித்தும் இறுக்குதல் வேண்டும். முற்காலத்தில் எருமைகளும் யானைகளும் மிதித்தன. இன்று உருளை இயந்திரம் மிதிக்கிறது. ஈரம் மிகுந்தால் மண் குழையும்; குறைந்தால் பொடியாய்ப் பிரிந்து நிற்கும். பிட்டுக்கு மாக் குழைக்கும் இல்லத்தரசிகளுக்கு இந்தப் பதம் எளிதில் விளங்கும்.

நீரை நோக்கிய பக்கம் செங்குத்தாயிராது மெல்லச் சரிந்ததாய், அலை அரிக்காதபடி கல் பதித்ததாய் இருத்தல் வேண்டும். மறுபக்கம் புல் வளர்ந்து போர்த்தியிருத்தல் வேண்டும். அருகம்புல்லின் வேர் மண்ணைத் தைத்து வைக்கும் நூலாகும். மரத்தின் வேரோ கேடு விளைப்பது. மரம் பட்டுப்போனால் உள்ளே வேர் உளுத்து, நீர் புகுவதற்கு ஒரு குழாய் அமைந்துவிடுகிறது. கறையான் புற்றும், எலி வளையும், உடும்புப் பொந்தும் அவ்வாறானவையே.

யாவற்றிலும் முதன்மையானது வான். நிறைந்த குளத்திலிருந்து மிகுதி நீர் வழிந்தோடுவதற்கென்று கல்லாலோ கொங்கிறீற்றாலோ அமைக்கப்படும் தாழ்ந்த வாயிலையே நம் நாட்டில் வான் என்கிறோம். கட்டின் உச்சிக்கும் வானின் மட்டத்துக்கும் இடையே விடப்படும் உயரம் வீணானதென்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே கட்டின் உயிர். மண்கட்டின் மேலால் ஒரு சாண் நீர் வழியத் தொடங்கினாலும் போதும். அது மறுபக்கச் சரிவை அரித்து, சிறு சால் பெரிய வெட்டாகி, சில மணி நேரத்தில் கட்டையே இரண்டாகப் பிளந்துவிடும்.

நம் கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. போகம் முடியும் தறுவாயில், இன்னும் சிறிது நீர் தேங்கட்டும் என்று வானின்மேல் மண்மூடைகளை அடுக்குவார்கள், பலகைகளையும் வைப்பார்கள். மீன் தப்பிப் போகாதிருக்க வானின் குறுக்கே வலை கட்டுவோரும் உளர். அவர்களுடைய தேவை நியாயமானதே. இரண்டு அங்குல நீர் என்பது ஒரு வயலின் விளைச்சலாகலாம். ஆயினும் அன்றிரவு எதிர்பாராத மழை பெய்யுமானால், அம்மூடைகளை அகற்றுவதற்கு இருளில் யார் செல்வார்?

1889 மே 31ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் போர்க் என்னும் மண்ணணை உடைந்து ஜோன்ஸ்ரவுண் நகரை அழித்தது. 2,200 பேருக்கு மேல் இறந்தனர். அவ்வணைக்கு உரிமையாளராயிருந்த செல்வர் கழகத்தினர், வண்டிகள் வசதியாகச் செல்லும்பொருட்டு அணையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தனர். மீன்கள் தப்பாதிருக்க வான்வழியிற் கம்பி வலையும் அமைத்திருந்தனர். பெருமழையில் மரக்கிளைகளும் குப்பையும் வந்து அவ்வலையை அடைத்தன. நீர் அணையின் உச்சியைத் தாண்டியது. நாடு வேறு, மக்கள் வேறு, செல்வநிலை வேறு. பிழை மட்டும் ஒன்றே.

கட்டு மேலாலே வழிந்து அழிவது ஒருவகை. இதனைக் கண்ணாற் காணலாம். மழையிரவில் எதிர்பார்க்கவும் செய்யலாம். மற்றொரு வகை உண்டு. அது உள்ளிருந்தே தின்பது. நிறைந்து நிற்கும் நீர் இடையறாது மண்ணை அழுத்துகிறது. எந்த மண்கட்டும் சிறிதளவு கசியவே செய்யும். கசியும் நீர் மண்துகள்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியேறுமானால் தீங்கில்லை. ஏதோ ஒரு பழைய வேரின் வழியாகவோ, புற்றின் வழியாகவோ, துருசு அமைந்த கல்லுக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள நொய்ந்த பொருத்தின் வழியாகவோ நீர் விரையத் தொடங்கினால், துகளையும் உடன்கொண்டு செல்லும். துகள் போன இடத்திற் குழி. குழி பெருத்தால் நீர் மேலும் விரையும். விரைந்தால் மேலும் அரிக்கும். வெளியே புல் பசுமையாய் இருக்க, உள்ளே ஒரு சுரங்கம் நீண்டுகொண்டே போகிறது. ஒருநாள் மேற்பகுதி அதற்குள் விழுகிறது.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கந்தளாய்க் குளமே போதும்.

கந்தளாய்க் குளத்தின் தொன்மையை நேயர்கள் அறிவீர்கள். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அதனைக் குளக்கோட்டு மன்னனின் திருப்பணியாகச் சொல்கிறது. சூளவம்சம் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி அரசனுடையதென்று கூறுகிறது. சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்களும் கந்தளாயிற் கிடைத்துள்ளன. மின்னேரியாப் பக்கத்திலிருந்து நீண்ட கால்வாய் வழியே நீர் பெறும் இக்குளம், தம்பலகாமம் வயல்களை எத்தனையோ தலைமுறைகளாக ஊட்டி வந்தது. கட்டு 4 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. ஏறக்குறைய 15 மீற்றர் உயரமானது. குளம் நிரம்பினால் 13 கோடி கன மீற்றருக்கு மேல் நீர் தேங்கும்.

1986 ஏப்ரில் 20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 3 மணியளவில் அக்கட்டு உடைந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. உறக்கத்திலிருந்த குடும்பங்கள்மீது நீர்ச்சுவர் வந்து மோதியது. 120 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. வயல்கள் மணலும் சேறும் மூடிப் பாழாயின. கட்டினுள்ளே நிகழ்ந்த அரிப்பே காரணமென்று பொறியியலாளர் கூறினர். கனரக வாகனங்கள் கட்டின்மேல் ஓடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் கட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. குளம் இன்று பயன்பட்டு வருகின்றது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியது அந்த மாதமேயாகும். பெருமழைக் காலம் கழிந்து மாதங்கள் சென்ற பின், சித்திரையில் அக்கட்டு உடைந்தது. வானம் வெளுத்துவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுகின்ற காலம் அது. பெருமழைக்கு மட்டும் விழித்திருந்து, மழை ஓய்ந்தபின் கட்டை மறந்துவிடுவோர்க்கு 1986ஆம் ஆண்டு கற்பித்த பாடம் இதுவே.

அப்படியாயின், ஒரு சாதாரண கிராமவாசி எதனைப் பார்த்து ஆபத்தை அறிவது? பொறியியல் கற்றவர் மட்டுமே அறியத்தக்க இரகசியம் இதில் ஒன்றுமில்லை. கட்டின் மறுபக்க அடிவாரத்தில் கசிவு காணப்பட்டால், அந்நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்திப் பார்க்கலாம். தெளிந்த நீராய், நாளுக்குநாள் அளவு மாறாததாய் இருந்தால் அது கட்டின் வியர்வை என்று கொள்க. கலங்கிய நீராய் இருந்தாலோ, அளவு பெருகிக்கொண்டு போனாலோ, அது கட்டின் குருதி. உடனே அறிவிக்க வேண்டும். கட்டின் உச்சியில் நீளவாக்கில் வெடிப்புத் தோன்றுதல், ஓரிடம் குழிந்து தாழ்தல், சரிவில் மண் வழுக்கிப் பிதுங்குதல், அடிவாரத்தில் முன்பில்லாத சதுப்புத் தோன்றி அங்கே மட்டும் நாணற்புல் செழித்தல் ஆகியனவும் அடையாளங்களே. கோடையில் எங்கும் புல் கருகியிருக்க, கட்டின் கீழே ஓரிடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தால், அழகென்று கடந்து செல்லாமல் ஏனென்று கேட்க வேண்டும்.

இங்கே ஒரு பிழையான கைவைத்தியத்தையும் சொல்ல வேண்டும். கலங்கிய நீர் ஊற்றெடுக்கும் துவாரத்தைக் கண்டவுடன் பலர் களிமண்ணைக் கொண்டுவந்து வெளிப்பக்கத்தில் அடைக்க முற்படுகின்றனர். உள்ளே அழுத்தம் அவ்வாறே இருப்பதால் நீர் வேறோர் இடத்தை உடைத்துக்கொண்டு வரும். செய்யத்தக்கது வேறு. துவாரத்தின்மேல் முதலில் பருமணலையும், அதன்மேல் சிறு கல்லையும், அதன்மேல் பெரிய கல்லையும் இட வேண்டும். நீர் வெளியேறும், மண் உள்ளே தங்கிவிடும். வடிகட்டி என்பது இதுதான். மண்பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் ரெர்சாகி இதற்குரிய அளவுகளை ஆராய்ந்து வகுத்தார். துவாரத்தைச் சுற்றி மண்மூடைகளை வட்டமாக அடுக்கி, அதற்குள் நீர் சிறிது உயர்ந்து நிற்கச் செய்வதும் உண்டு. உயர்ந்த நீரின் பாரம் உள்ளிருந்து வரும் வேகத்தைத் தணிக்கும். இவை பொறியியலாளர் வந்து சேரும்வரை செய்யும் முதலுதவிகளேயாம். அதேவேளை துருசைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்துவதும், கீழேயுள்ள மக்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புவதும் தாமதமின்றி நடைபெறல் வேண்டும்.

இப்பணிகளை முன்னாளில் யார் செய்தனர்? ஊரே செய்தது. ஒவ்வொரு வயற்காரனுக்கும் அவன் பயிரிடும் நிலத்தின் அளவுக்கேற்பக் கட்டில் இத்தனை முழம் என்று பங்கு குறிக்கப்பட்டிருந்தது. அப்பங்கைப் புல் செதுக்கி, புற்று அகழ்ந்து, மண் இட்டுப் பேணுவது அவன் கடன். வட்டவிதானை அதனை மேற்பார்த்தார். கந்தளாய்க் குளத்தைக் காக்கும் தெய்வங்களுக்குத் தம்பலகாமத்து மக்கள் வேள்வி எடுக்கும் மரபும் இருந்தது. நம்பிக்கை எதுவாயினும், ஊரார் ஒன்றுகூடிக் கட்டின்மேல் ஏறி நிற்கும் நாள் ஒன்று அதனால் வாய்த்தது.

1832இல் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதனின் சுதந்திரம் கருதி அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதனோடு குளத்திருத்த வேலையும் பல இடங்களிற் கைவிடப்பட்டது; கட்டுகள் தகர்ந்தன. அதனை உணர்ந்தே 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, பழைய ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்டப்பட்டது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. இன்று பெரிய குளங்கள் அத்திணைக்களத்தாலும், 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீரூட்டும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தாலும் கவனிக்கப்படுகின்றன. ஊர் மட்டத்திலே கமக்காரர் அமைப்புகள் உள்ளன. திணைக்களம் திட்டமிடும், பணம் ஒதுக்கும். கட்டின்மேல் நாள்தோறும் நடந்து செல்லும் கால்கள் ஊராருடையனவே.

இதிலே இன்னொரு கேடும் மறைந்திருக்கிறது. கட்டு ஒன்று எழுந்துவிட்டால், இனி வெள்ளம் வராது என்று மக்கள் நம்பிவிடுகின்றனர். முன்பு வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டில் வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், கட்டின் துணிவினால் பள்ளத்தில் வீடு கட்டுகின்றனர். ஓடை சுருங்கி வேலியாகிறது, வான்வழி தோட்டமாகிறது. கட்டு சிறு வெள்ளங்களைத் தடுத்து, பெருவெள்ளத்தின் வாயில் மக்களைக் கொண்டு சேர்த்தாற்போல் முடிகிறது. லிபியா நாட்டின் டேர்னா நகருக்கு மேலே வெள்ளத்தைத் தடுப்பதற்காகவே 1970களில் இரண்டு அணைகள் கட்டப்பட்டன. அவை பழுதுற்றிருப்பதை அறிந்தோர் எச்சரித்தும் இருந்தனர். 2023 செப்ரெம்பரில் ஒரே இரவிற் பெய்த பெருமழையில் இரண்டும் உடைந்து, நகரின் பல பகுதிகளைக் கடலுள் தள்ளின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

நம்மிடத்திலும் அச்சுறுத்தல் குறையவில்லை. 1957 டிசம்பர் வெள்ளத்தில் இலங்கையின் பல குளங்கள் உடைப்பெடுத்தன. 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலையைத் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மகாவலி பெருகி, மாவிலாற்றுப் பகுதியில் அணைக்கரை உடைந்தது. சூழப்பட்ட மக்கள் வான்வழியாகவும் மீட்கப்பட்டனர். காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கக்கூடிய ஈரம் நூற்றுக்கு ஏழளவு கூடும் என்பது அறிவியலார் கணக்கு. உலகம் வெப்பமடைந்து வருதலால், பாட்டன் காலத்து மழைக்கு அளவெடுத்துக் கட்டிய வான், பேரன் காலத்து மழைக்குப் போதாமற் போகலாம். ஆகவே பழைய கட்டுகளின் வான்களை மறுபடி கணக்கிட்டு, வேண்டுமிடத்து அகலப்படுத்துவது இன்றியமையாதது.

இவ்விடயம் பள்ளிக்கூடத்துக்குப் புறம்பானதென்று நான் கருதவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உலகத்து நதிகளின் பெயர்களைக் கற்பிக்கிறோம். தம் வீட்டுக்கு மேலே இருக்கும் கட்டின் நீளம் எவ்வளவு, அதன் வான் எங்கே, அது உடைந்தால் நீர் எவ்வழியே வரும், தாம் ஓடி ஏற வேண்டிய மேடு எது என்பவற்றை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பூமிசாத்திர பாடத்தின் ஒரு மணி நேரத்தை ஆண்டுக்கு ஒருமுறை அக்கட்டின்மேல் நடத்தலாம். பத்து வயதுச் சிறுவனின் கண், பெரியவர் காணாத புற்றையும் பொந்தையும் கண்டுபிடிக்கும்.

ஆவணி, புரட்டாதி மாதங்கள் கட்டைப் பார்ப்பதற்கு ஏற்றவை. நீர் வற்றிக் கட்டின் உடல் முழுவதும் வெளியே தெரியும் காலம் அது. பற்றையை வெட்டலாம், புற்றை அகழ்ந்து நல்ல மண்ணிட்டு இடிக்கலாம், வானிற் கிடக்கும் மூடைகளை அகற்றலாம், வண்டித்தடத்தில் தாழ்ந்த உச்சியைக் கிறவலிட்டு உயர்த்தலாம். அதன் பின்னர் மழை வரட்டும். முதல் மழையிரவில் ஒவ்வொரு கட்டுக்கும் இருவர், கையில் விளக்குடன் காவல் நிற்கட்டும். கீழே உறங்கும் ஊர் அவ்விருவரை நம்பியே உறங்குகிறது.